பல் ஒட்டுப்பசையில் கலக்கும் கனிமத்தூள் கட்டி கட்டாமல் இருக்க வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் பல் மருத்துவம் பார்த்துக்கொண்டே, பல்லடைப்புக்கு முன் பூசும் ஒட்டுப்பசையை வலுப்படுத்துவது குறித்துச் சிறு ஆய்வொன்று செய்து வருகிறேன். பிஸ்-ஜிஎம்ஏ (Bis-GMA), ஹெமா (HEMA) என்னும் இரு பிசின் மூலப்பொருள்கள் கலந்த பசை, எனாமலுக்கு அடியிலுள்ள பல் திசுவான டென்டினுக்குள் நன்றாக இறங்கினாலும், ஹெமா நீரை ஈர்த்துக்கொள்வதால் நாளடைவில் அந்த மெல்லிய படலம் தளர்ந்துபோகிறது. ஆகவே அதனுடன் நானோ சிலிக்காவையும், குழல் வடிவக் களிமண் கனிமமான ஹாலோசைட்டையும் தனித்தனியே கலந்து பார்க்கிறேன்.

சிக்கல் இதுதான். எடையில் 1 சதவீதம் கலக்கும்போது தெளிவாக இருக்கும் பசை, 5 சதவீதத்தில் சிறு கட்டிகளாகத் திரண்டுவிடுகிறது. அக்கட்டிகளே விரிசல் தொடங்கும் இடங்களாகிவிடும் என்பதால், வலுவூட்டச் சேர்த்த பொருளே வலுவைக் குறைத்துவிடுமோ என்று கவலைப்படுகிறேன். அசிட்டிக் அமிலம் சேர்த்த எத்தனால்–நீர்க் கரைசலில், துகள்களைப் பசையுடன் பிணைக்கும் சிலேன் பூச்சு கொடுத்து, அடுப்பில் உலர்த்தினேன். அந்த உலர்த்தலில்தான் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று கருதுகிறேன்.

உறையவைத்து, பனியை வெற்றிடத்தில் நேரடியாக ஆவியாக்கும் உறைநிலை உலர்த்தல் இதற்குப் பயன்படுமா? அல்லது துகளை உலர்த்தாமலே கரைப்பானை மாற்றிப் பசையில் சேர்ப்பது நல்லதா? கரூர், நாமக்கல் பக்கத்துக் குவார்ட்சை (சிலிக்காவாலான கனிமம்) அரைத்துப் பயன்படுத்தவும் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. ஆனால் சில மைக்ரான் தடிமனே உள்ள படலத்துக்கு அரைத்த தூள் பருமனாகவும் கூர்முனையுடனும் இருக்கும் என்பதால் தயங்குகிறேன். கோயம்புத்தூர், சேலம் பகுதியில் பாலிமர் அல்லது பீங்கான் துறையில் பணிபுரியும் அன்பர்கள், செய்து பார்த்த அனுபவத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.