தொடர்புடைய சொற்களை எல்லாம் சேர்த்த பிறகு பக்கம் கீழே இறங்கிவிட்டது. எங்கே தவறு?

ஊசிக்காது:

வணக்கம். தையல் மெஷின் பராமரிப்பு பற்றிச் சின்னதாக ஒரு தளம் நடத்துகிறேன். மெஷினைப் பிரித்துப் பூட்டுவது கைவந்த வேலை. தேடுபொறி விவகாரம் அப்படியில்லை, அதனால்தான் இங்கே வந்தேன்.

நூல் அடிக்கடி அறுவது பற்றி ஒரு பக்கம் எழுதி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கூகுளில் எட்டு, ஒன்பது என்று ஏதோ ஓர் இடத்தில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதை முதல் ஐந்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டேன். அதுதான் வினை.

முதலில் எஸ்.இ.ஓ. (தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலை) பிளக்கின் ஒன்றைத் தளத்தில் நிறுவினேன். "முதன்மைச் சொல் போதிய முறை வரவில்லை" என்று சிவப்பு விளக்கு காட்டியது. "தையல் மெஷின் நூல் அறுதல்" என்ற தொடரைப் பச்சை விளக்கு எரியும்வரை சேர்த்துக்கொண்டே போனேன். பிறகு வேறொரு கருவி "எல்எஸ்ஐ சொற்கள்" என்று தலைப்போடு தொடர்புடைய 64 சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தது. முடிந்தவரை பத்திகளுக்குள் நுழைத்தேன். இடம் கிடைக்காதவற்றைப் பக்கத்தின் அடியில் கமா போட்டு வரிசையாக எழுதிவிட்டேன். பக்கத்தின் நிரலில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் டேகிலும் அதே பட்டியலை ஒட்டினேன்.

ஆறு வாரத்தில், தேடலில் பக்கம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் சராசரி இடம் 8.6இலிருந்து 27க்குப் போய்விட்டது. இம்ப்ரெஷனும் (தேடல் முடிவுகளில் பக்கம் தென்பட்ட எண்ணிக்கை) பாதியாகக் குறைந்துவிட்டது. நான் சேர்த்த சொற்கள் போதவில்லையா, கூடிவிட்டனவா?

வேகத்தடை:

கூடிவிட்டன. முதன்மைச் சொல்லின் அடர்த்தி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 900 சொற்கள் கொண்ட பக்கம் என்றால் 18 முறை. எண்ணிப் பார்த்துக் குறைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

சல்லடை:

வேகத்தடை அவர்களே, அந்த 2 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு அளவை கூகுள் எங்கும் அறிவித்ததில்லை. எத்தனையோ முறை வந்ததை 18 ஆக்கினால், மோசமான பத்தி கொஞ்சம் குறைந்த அளவில் மோசமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஊசிக்காது அவர்களே, முதலில் "எல்எஸ்ஐ" கதையை முடித்துவிடுவோம். "லேடன்ட் செமான்டிக் இன்டெக்சிங்" என்பதன் சுருக்கம் அது. அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனமான பெல்கோரின் ஆய்வாளர்கள் 1988இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கணித்து, அளவான ஆவணத் தொகுப்பு ஒன்றில் தேடுவதற்காக உருவாக்கப்பட்டது. அப்போது உலகளாவிய வலையே பிறக்கவில்லை. "எல்எஸ்ஐ சொற்கள் என்று எதுவும் கிடையாது" என்று கூகுளின் தேடல் பிரிவைச் சேர்ந்த ஜான் முல்லரே 2019இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பெயர் மட்டும் விற்பனைக்கு நிற்கிறது.

ஒரு பொருளைப் பற்றி ஒழுங்காக எழுதினால் அதற்கு உறவான சொற்கள் தாமாக வரும் என்பது உண்மைதான். அந்த உண்மையைத் தலைகீழாக்கி, சொற்களைக் கொட்டினால் ஒழுங்கான எழுத்தாகிவிடும் என்று நம்பவைப்பதுதான் அந்தப் பட்டியலின் வேலை.

உடனே செய்ய வேண்டியவை இரண்டு. அடியில் உள்ள கமா வரிசையை இன்றே அழியுங்கள். சொற்களை இப்படிக் குவிப்பதைத் தன் ஸ்பேம் கொள்கையிலேயே கூகுள் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. மெட்டா கீவேர்ட்ஸ் டேகால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே அறிவித்துவிட்டார்கள்.

ஒரு கேள்வி: இறங்கியது இந்தப் பக்கம் மட்டுமா, தளம் முழுவதுமா? பக்கங்களை வரிசைப்படுத்தும் தன் மையக் கணிப்பு முறையைக் கூகுள் மாற்றும் நாட்களில் எல்லாப் பக்கங்களும் சேர்ந்து ஆடும். அப்படியென்றால் நாம் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

ஊசிக்காது:

இந்தப் பக்கம் மட்டும்தான். மற்ற பக்கங்களில் நான் கை வைக்கவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கமா வரிசையை நீக்கிவிட்டேன்.

சல்லடை:

நல்லது, அப்படியானால் காரணம் உள்ளேயே இருக்கிறது. முதல் பத்தியை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

ஊசிக்காது:

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஒட்டுகிறேன்.

"தையல் மெஷின் நூல் அறுதல் பிரச்சினைக்குத் தையல் மெஷின் ஊசி, தையல் மெஷின் பாபின், தையல் மெஷின் டென்ஷன் காரணம். தையல் மெஷின் நூல் அறுதல் சரிசெய்வது எப்படி என்று தேடுகிறீர்களா? தையல் மெஷின் நூல் அறுதல் தீர்வு, தையல் இயந்திரம் நூல் சிக்கல், பாபின் நூல் சிக்குதல், பூத்தையல் நூல் வகைகள் ஆகியவற்றுக்கு எங்கள் தையல் மெஷின் வழிகாட்டி உதவும்."

ஓரக்குறிப்பு:

நான் எஸ்.இ.ஓ. ஆள் இல்லை, பிழை திருத்திப் பிழைப்பவள். இந்தப் பத்தியில் வேற்றுமை உருபுகள் எல்லாம் எங்கே ஓடிப்போயின?

யாராவது "தையல் மெஷின் ஊசி காரணம்" என்று பேசுவார்களா? "ஊசியை மாற்றிப் பாருங்கள்", "ஊசியில் பிசிறு இருக்கலாம்", "ஊசிக்கு ஏற்ற நூலா?" என்றுதானே கேட்போம். உங்கள் பிளக்கின் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது போலிருக்கிறது. "மெஷின்" என்றால் எண்ணும். "மெஷினில்", "மெஷினுக்கு", "மெஷினை" என்றால் வேறு சொல் என்று விட்டுவிடும். அதனால் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக உருபுகளை வெட்டி எறிந்து, தந்தி அடிப்பது போல எழுதியிருக்கிறீர்கள். தமிழில் எழுதுபவர்கள் பலர் இந்தக் குழியில் விழுவதைப் பார்க்கிறேன். திருத்தக் கொடுக்கும்போது "உருபு சேர்க்காதீர்கள், ஸ்கோர் குறைந்துவிடும்" என்று குறிப்பு எழுதி அனுப்பியவரும் உண்டு!

ஒன்று செய்யுங்கள். தேடுபொறியை மறந்துவிட்டு, நூல் அறுந்த மெஷினோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் என்ன சொல்வீர்களோ அதை இங்கே எழுதுங்கள். திருத்தாமல்.

ஊசிக்காது:

சரி.

"மேல்நூல் அறுகிறதா, கீழ்நூல் அறுகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மேல்நூல்தான். டென்ஷன் திருகை (நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பது) ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுத் தைத்துப் பாருங்கள். அப்படியும் அறுந்தால் ஊசியைக் கழற்றி, காதின் உள்பக்கம் நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூல் பஞ்சாகப் பிரிந்தால் காதில் பிசிறு இருக்கிறது, ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தடித்த நூலை 11ஆம் எண் ஊசியில் கோத்தாலும் அறுந்துகொண்டே இருக்கும். 14 அல்லது 16 போட வேண்டும். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் இருக்கும். நூல் எந்தப் பக்கமிருந்து காதுக்குள் நுழைகிறதோ, பள்ளம் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

கீழ்நூல் அறுந்தால் பாபின் கேஸை (கீழ்நூல் சுற்றிய உருளை இருக்கும் கூடு) எடுத்து, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கையை லேசாக உதறினால் கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் பக்கத்துத் திருகு இறுக்கம். கடகடவென்று இறங்கினால் தளர்வு."

ஓரக்குறிப்பு:

இதைத்தானே முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்! மேல்நூல், கீழ்நூல், டென்ஷன், திருகு, ஊசி எண், காது, பிசிறு, பாபின் கேஸ். ஒன்றைக்கூட நீங்கள் தேடிப் பிடித்துச் சேர்க்கவில்லை. "பூத்தையல் நூல் வகைகள்" வரவில்லை, ஏனென்றால் அதற்கு இங்கே வேலை இல்லை.

ஊசிக்காது:

அந்த 64 சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பது இதில் தாமாகவே வந்திருக்கின்றன. "பிசிறு", "பள்ளம்" இரண்டும் பட்டியலிலேயே இல்லை.

சல்லடை:

இருக்காது. மற்ற பக்கங்களில் ஏற்கெனவே உள்ளதைத்தான் அந்தக் கருவிகள் சுரண்டிக் கொடுக்கின்றன. மெஷினைப் பிரித்துப் பார்த்தவருக்கு மட்டும் தெரிந்த சொல் அதில் எப்படி வரும்?

ஓரக்குறிப்பு சொன்ன உருபு விஷயத்தில் கூகுளின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஹம்மிங்பேர்ட் என்ற கணிப்பு முறை வந்ததிலிருந்தே கேள்வியை முழுவதுமாகப் புரிந்துகொள்ளும் முயற்சி நடக்கிறது. 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலுக்குள் பெர்ட் என்ற மொழி மாதிரியைக் கொண்டுவந்தார்கள், அதே டிசம்பரில் தமிழ் உட்பட 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தார்கள். சுற்றியுள்ள சொற்களை வைத்து ஒரு சொல்லின் பொருளை எடைபோடும் முறை அது. உருபை வெட்டினால் அதற்குக் கிடைக்கும் துப்பைத்தான் வெட்டுகிறீர்கள். தமிழில் அது ஆங்கிலத்தைப் போலவே கூர்மையாக வேலை செய்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தந்தித் தமிழ் அதற்கு உதவாது.

இனி உங்களிடம் ஏற்கெனவே உள்ள நல்ல பட்டியலுக்கு வருவோம். சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, இந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, காலத்தை 16 மாதமாக மாற்றி, தேடல் சொற்களைப் பாருங்கள். இம்ப்ரெஷன் அதிகமாகவும் கிளிக் குறைவாகவும் உள்ள வரிகளை இங்கே போடுங்கள். மக்கள் தங்கள் வாயால் கேட்ட கேள்விகள் அவை.

ஊசிக்காது:

எதிர்பார்க்கவே இல்லை. "நூல் அறுதல்" என்று கிட்டத்தட்ட யாருமே தேடவில்லை! "நூல் அடிக்கடி அறுந்து போகிறது", "தைக்கும்போது கீழே நூல் சிக்குகிறது", "தையல் விட்டு விட்டு விழுகிறது" இவைதான் மேலே நிற்கின்றன. சிக்குவது பற்றி என் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

சல்லடை:

இதில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே கோளாறா?

ஊசிக்காது:

இல்லை. தையல் விடுவது பெரும்பாலும் ஊசி வளைந்ததால், மழுங்கியதால் அல்லது முழுவதும் மேலே ஏறாமல் மாட்டியதால். கீழே சிக்குவதற்கு எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள், ஆனால் தவறு மேலே இருக்கும். துணியை அமுக்கும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் போய் உட்காராது. மேல்நூல் பிடிப்பில்லாமல் ஓடி, கீழே கொத்தாகச் சேரும்.

சல்லடை:

அப்படியானால் சிக்குவதற்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். தேடுபவர் வேறு, காரணம் வேறு, தீர்வு வேறு. தையல் விடுவதும் அறுவதும் இரண்டுமே ஊசியில் போய் முடிவதால் ஒரே பக்கத்தில் துணைத்தலைப்பாக இருக்கலாம். இது என் கணிப்புதான். "தொடர்புடைய சொல்" என்ற பெயரில் மூன்றையும் ஒரே பக்கத்தில் குழைத்தால் மூன்று பேரும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

ஊசிக்காது:

இன்னொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாபினில் நூல் சிக்குவது பற்றிப் போன வருடமே ஒரு பக்கம் எழுதி மறந்துவிட்டேன்.

சல்லடை:

அப்படியானால் புதிதாக வேண்டாம். அதையே திருத்தி வளர்த்துவிடுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பக்கங்கள் இருந்தால் எதைக் காட்டுவது என்று கூகுள் தடுமாறும். நூல் அறுவது பற்றிய பக்கத்திலிருந்து அதற்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். இணைப்பில் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல் "கீழே நூல் கொத்தாகச் சிக்கினால்" என்று எழுதுங்கள்.

வேகத்தடை:

நான் ஆறு ஆண்டுகளாக அடர்த்தி பார்த்துத்தான் எழுதுகிறேன். என் தளம் நன்றாகத்தான் ஓடுகிறது.

சல்லடை:

ஓடட்டும். நீங்கள் நன்றாக எழுதுபவர், அதனால் 18ஐத் தொட்ட பிறகும் படிக்க முடிகிறது. உங்கள் பக்கங்கள் மேலே நிற்பது 18ஆல் என்று மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

திண்ணைவாசி:

இடையில் ஒரு சந்தேகம். மெஷின், மிஷின், இயந்திரம் என்று பல விதமாகத் தேடுகிறார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் போட வேண்டுமா?

ஓரக்குறிப்பு:

போட்டால் எனக்குத் திருத்த வேலை கிடைக்கும், வாசகருக்குத் தலைவலி கிடைக்கும். எழுத்துக்கூட்டலில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே கடைசிவரை எழுதுங்கள். "இயந்திரம்" வேறு சொல், அது இயல்பாக வரும் இடத்தில் ஓரிரு முறை வரட்டும்.

சல்லடை:

அதுவே என் கருத்தும். சில பேர் தமிழை ரோமன் எழுத்தில் அடித்தும் தேடுகிறார்கள். அதற்காகப் பக்கத்தில் ரோமன் எழுத்துகளைத் தூவ வேண்டாம், யூஆர்எல்லில் (பக்கத்தின் முகவரியில்) இருந்தால் போதும். ஏற்கெனவே வெளியான பக்கத்தின் யூஆர்எல்லை மட்டும் இதற்காக மாற்றிவிடாதீர்கள். மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 வழிமாற்றம் போட வேண்டும், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

ஊசிக்காது (ஏழு வாரம் கழித்து):

நிலவரம் சொல்ல வந்தேன். இங்கே எழுதிய பத்திகளையே பக்கத்தில் வைத்து, சர்ச் கன்சோலின் யூஆர்எல் ஆய்வுக் கருவியில் மறுபடி இன்டெக்ஸ் செய்ய (பக்கத்தைப் படித்துப் பதிந்துகொள்ள) கூகுளிடம் கோரினேன். மூன்று வாரம் எதுவும் அசையவில்லை. பிறகு மெதுவாக ஏறி, இப்போது சராசரி 11 என்று நிற்கிறது. பழைய எட்டாம் இடத்தை இன்னும் தொடவில்லை. சிக்குவது பற்றிய பக்கம்தான் ஆச்சரியம் தந்தது. இதுவரை சீந்துவாரில்லாமல் கிடந்தது, இப்போது அறும் பக்கத்தைவிட அதற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். பிளக்கின் மட்டும் இன்னும் சிவப்பையே காட்டுகிறது.

அடுத்ததாக, பாபின் கேஸைத் தொங்கவிடும் படம் ஒன்றை எடுத்துச் சேர்த்திருக்கிறேன். ஒரு கையில் கேஸ், மறு கையில் கேமரா. பத்துப் படங்களில் ஒன்றுதான் தேறியது.

சல்லடை:

நல்ல செய்தி. அந்தப் படத்தின் ஆல்ட் உரையில் (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்கம்) என்ன எழுதினீர்கள்?

ஊசிக்காது:

"பாபின் கேஸ், பாபின் நூல், பாபின் நூல் சிக்கல், தையல் மெஷின் பாபின்."

திருத்திவிட்டு வருகிறேன்.