மன்னிப்புக் கேட்டுக் கைகுலுக்கிய பிறகும் சண்டை ஓயவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (ஏழாம் வகுப்பு ஆசிரியை):
வணக்கம். சென்ற வாரம் மதிய உணவு இடைவேளையில், தட்டுக் கழுவும் குழாயடியில் யார் முந்துவது என்று தொடங்கிய தள்ளுமுள்ளு, ஒருவனுடைய சட்டைப் பொத்தான்கள் அறுந்து, மற்றவனுடைய உதடு கிழிந்ததில் முடிந்தது. இருவரையும் மன்னிப்புக் கேட்க வைத்துக் கைகுலுக்கச் செய்தேன். மூன்றாம் நாளே பள்ளி வாசலுக்கு வெளியே மறுபடியும் மோதிக்கொண்டார்கள். இம்முறை ஆளுக்கு நான்கு பேர் துணைக்கு நின்றார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது என்பதற்காக மட்டுமன்றி, பிரம்பால் எதுவும் தீர்வதில்லை என்று கண்டதாலும் நான் அடிப்பதில்லை. தங்கள் சண்டையைத் தாங்களே பேசித் தீர்க்க இவர்களை எப்படிப் பழக்குவது?

பதில் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
அம்மா, அந்தக் கைகுலுக்கல் உங்கள் மன நிறைவுக்காக நடந்தது. காய் விட்ட பிள்ளைகள் பழம் விடுவதற்குக்கூட ஒரு பொழுது எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் சூடு ஆறும்வரை இருவரையும் தனித்தனியே உட்கார வையுங்கள். பிறகு ஒருவன் நடந்ததைச் சொல்லட்டும், மற்றவன் தன் பக்கத்தைச் சொல்லத் தொடங்கும் முன், கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, "நீ சொன்னது இதுதானே?" என்று கேட்டு, முன்னவன் தலையாட்டிய பிறகே அவனுடைய முறை வர வேண்டும். "ஏன் அடித்தாய்?" என்று கேட்டால் நியாயம் பேசுவான், "அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். என் பள்ளியில் பேனா திருட்டால் வந்ததாக எல்லோரும் நம்பிய ஒரு சண்டை, தகப்பனாரின் குடியைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லால் மூண்டது என்று இப்படித்தான் தெரிய வந்தது. பேனாவைத் தேடி நாங்கள் இரண்டு நாள் வீணாக்கியிருந்தோம்.

பதில் (உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், தென் மாவட்டம்):
ஐயா சொன்ன முறை, பலத்தில் ஏறத்தாழ ஒத்த இருவருக்கே பொருந்தும். ஒருவனை நாள்தோறும் நால்வர் சீண்டுவது துன்புறுத்தல். அங்கே இருவரையும் எதிரெதிரே உட்கார்த்திப் பேச வைத்தால், அடிபட்டவனையே சமாதானத்துக்கு இறங்கி வரச் சொன்னதாகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர், சாதியின் பேரால் தம்மைச் சீண்டியவர்கள் மீது பள்ளியில் புகார் செய்த பின்னரே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. எனவே, அந்த நான்கு நான்கு பேர் தெருவால் சேர்ந்தார்களா, சாதியால் சேர்ந்தார்களா என்பதை முதலில் பாருங்கள். சாதி என்றால், பேச்சுவார்த்தைக்கு முன் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவித்து, புகார் சொன்ன பிள்ளையின் பாதுகாப்பை உறுதி செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விசாரித்தேன், துணைக்கு நின்றவர்கள் ஒரே கபடி அணியிலிருந்து பிரிந்தவர்கள், கயிறு எதுவும் இல்லை. திருப்பிச் சொல்லும் முறையில் முதல் முயற்சி சிரிப்பில் முடிந்தது. இரண்டாவது முறை, பொத்தான் அறுந்தவன், "இவன் வகுப்புக்குப் பிந்தினால் வெளியே நிறுத்துவார்கள் என்று பயந்தானாம்" என்று மற்றவனுக்காகப் பேசினான். வெளியே நிறுத்துவது நான்தான். குழாயடியில் இரண்டு குழாய்களில் ஒன்றில்தான் தண்ணீர் வருகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது; பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை வரிசையை அவர்கள் இருவருமே பார்த்துக்கொள்கிறார்கள்.