டிவிடி பிளேயரை விட்டுப் புளூ-ரேக்கு மாறலாமா?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டில் ஏறத்தாழ 200 டிவிடிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பழைய தமிழ்ப் படங்கள், சில கச்சேரிகள், அவற்றோடு 2006-இல் நடந்த எங்கள் திருமணத்தின் மூன்று வட்டுகள். சென்ற மாதம் 55 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கினோம். பழைய பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள கம்பியால் அதில் இணைத்துப் பார்த்தால், முகங்களின் ஓரமெல்லாம் கரைந்து தெரிகிறது. பெயர் போடும் எழுத்துகளைச் சுற்றி வண்ணம் வழிகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் தீபாவளிக்கு வரும்போது புளூ-ரே பிளேயர் வாங்கி வருவதாகச் சொல்கிறார். அதில் போட்டால் இந்த வட்டுகள் தெளிவாகத் தெரியுமா? சாதாரண புளூ-ரே போதுமா, 4கே பிளேயரே வாங்கிவிடலாமா? நாங்கள் உட்காருவது திரையிலிருந்து பத்தடித் தொலைவில்.

பழந்திரை:
ஐயா, டிவிடியில் பதிவாகியிருப்பது அதிகபட்சம் 576 வரிகள்தாம். எந்தப் பிளேயரில் போட்டாலும் அவற்றை நீட்டித் திரையை நிரப்ப முடியுமே தவிர, பதிவில் இல்லாத நுணுக்கத்தை வரவழைக்க முடியாது. அதிலும் பழைய டிவிடிகள் சிலவற்றில் சினிமாஸ்கோப் படத்தை நான்குக்கு மூன்று என்ற சட்டத்துக்குள் கறுப்புப் பட்டைகளோடு அடைத்திருப்பார்கள்; அங்கே படத்துக்கென்று மிஞ்சுவது 330 வரிகள்கூட இருக்காது. ஆனால் வண்ணம் வழிவது வட்டின் குற்றமன்று. மஞ்சள் முனைக் கம்பி ஒளியையும் வண்ணத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவதால் வருவது அது. படத்தை எண்களாகவே அனுப்பும் எச்டிஎம்ஐ கம்பி வழியாக இணைத்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். உங்கள் பழைய பிளேயரின் பின்புறம் அந்தத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு கம்பி வாங்கினால் போதும்.

நீலக்கதிர்:
பழந்திரை சொல்வதை ஏற்கிறேன். எனினும் இனிமேல் புதிய வட்டுகளும் வாங்குவீர்கள் என்றால் என் கருத்து 4கே பிளேயர்தான். 55 அங்குலத் திரையில், நல்ல பார்வை உள்ளவருக்கு டிவிடியின் குறை 13 அடிக்குள் வந்தாலே தெரியத் தொடங்கும். ஆகவே பத்தடியில் புளூ-ரேயின் 1080 வரிகள் நிச்சயம் வித்தியாசம் காட்டும். 4கேயின் கூடுதல் வரிகளை அந்தத் தொலைவிலிருந்து கண் பிரித்தறியாது. ஆனால் எச்டிஆர் (ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரித்துப் பதியும் முறை) உள்ள 4கே வட்டில் விளக்கொளியும் இருட்டும் காட்டும் ஆழம் எத்தனை அடியிலிருந்து பார்த்தாலும் தெரியும், உங்கள் தொலைக்காட்சியில் போதிய வெளிச்சம் இருந்தால். 4கே பிளேயர் டிவிடி, புளூ-ரே இரண்டையும் இயக்கும் என்பதும், ஓப்போ 2018-இலும் சாம்சங் 2019-இலும் இந்தத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டதால் தேர்வு சுருங்கிவருகிறது என்பதும் கூடுதல் காரணங்கள்.

சிங்கப்பூரில் வாங்குவதில்தான் எனக்குத் தயக்கம். உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கான வட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருக்கிறார்கள். டிவிடியில் இந்தியா 5-ஆம் மண்டலம், சிங்கப்பூர் 3-ஆம் மண்டலம். புளூ-ரேயில் நமக்கு சி, அவர்களுக்கு ஏ. எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வெளியான வட்டுகள் ஓடிவிடும். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. ஆனால் உறையில் உலக உருண்டைக்குள் 5 என்று அச்சிட்ட வட்டுகளை அங்கே வாங்கிய பிளேயர் மறுத்துவிடலாம். உங்கள் அலமாரியில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு மைத்துனரிடம் சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
இருவருக்கும் நன்றி. பழைய பிளேயரில் எச்டிஎம்ஐ துளை இல்லை. உறைகளைப் பார்த்ததில் 5 என்று போட்டவை பதினொன்று மட்டுமே, எல்லாம் ஆங்கிலப் படங்கள். ஆனால் வட்டுகளை எடுத்துத் துடைக்கும்போது வேறொரு கவலை வந்துவிட்டது. திருமணத்தின் இரண்டாவது வட்டு, தாலி கட்டுவதற்குச் சற்று முன் உறைந்து நின்றுவிடுகிறது. புதிய பிளேயர் அதைப் படிக்குமா?

பழந்திரை:
ஐயா, பிளேயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வட்டை இந்த வாரமே கவனியுங்கள். கடையில் வாங்கும் பட வட்டு அச்சில் அழுத்தப்பட்டது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த வட்டில் பதிவு இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலிலும் வெப்பத்திலும் அது கெடும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிறகு கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் கோப்புகளை எதையும் மாற்றாமல் அப்படியே நகலெடுங்கள். ஒரு கணினி டிரைவ் தடுமாறும் வட்டை இன்னொன்று படித்துவிடுவதுண்டு, எனவே இரண்டு மூன்றில் முயன்று பாருங்கள். நன்றாக ஓடும் மற்ற இரண்டு வட்டுகளையும் அதே நாளில் நகலெடுத்து, ஒரு பிரதியை மைத்துனரிடம் கொடுத்து வையுங்கள்.