தீயணைப்பு நிலையத்தில் கருத்துக் கேட்பு: எல்லாரும் "திருப்தி"க்கே டிக் அடிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

டெல்டா மாணவன்: வணக்கம். சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். டெல்டாவில் சில தீயணைப்பு நிலையங்களுக்கு வருங்காலத் திட்டம் போடுகிறார்கள். அதற்காக வீரர்களிடம் கருத்துக் கேட்டோம். பெயர் எழுத வேண்டாம், 1 முதல் 5 வரை மதிப்பெண். வந்ததெல்லாம் 4, 5. "வேறு கருத்து" பகுதியில் "இல்லை". ஆனால் டீக்கடையில் படகு, கயிறு, கட்டர் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள்!

வெண்ணாறு: பதவி, வயது, நிலையம் கேட்டீர்களா? படிவத்தை வாங்கி வைத்தது யார்?

டெல்டா மாணவன்: மூன்றும் இருக்கு சார். நிலைய அலுவலர்தான் வாங்கித் தந்தார்.

வெண்ணாறு: அப்புறம் பெயர் எதற்கு? "ஓட்டுநர், 48 வயது" என்றாலே ஆள் தெரிந்துவிடுமே. வயதை எடுத்துவிடுங்கள். பதவி வேண்டுமென்றால் நிலையத்தைக் கேட்காதீர்கள். ஒட்டிய கவரில் நேரே உங்கள் கைக்கு வரட்டும். கூகுள் படிவம் வேண்டாம். மெயில் ஐடி கேட்டால் நம்ப மாட்டார்கள்.

பழைய முன்னணி: தம்பி, நான் ஓய்வு பெற்ற முன்னணி தீயணைப்போர். "உபகரணம் போதுமா" என்றால் போதும் என்றுதான் எழுதுவான். இல்லை என்றால் மேலதிகாரியைக் குறை சொன்னதாகிவிடும். "கடைசியாகப் போன அழைப்பில் எது இல்லாமல் திண்டாடினீர்கள்?" என்று கேள். வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசி எரியும், சந்துக்குள் பெரிய வண்டி நுழையாது. அதை எழுதுவான். 2018 கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் ரோடெல்லாம் மரம்; அறுக்கிற மெஷின் எத்தனை இருந்தாலும் காணாது. பாம்பு பிடிக்கிறது, ஆற்றில் முங்கினவரைத் தேடுறது, இதெல்லாம் உன் படிவத்தில் உண்டா? தீயை மட்டும் கேட்டால் பாதி வேலை விட்டுப்போகும்.

இன்னொன்று. 2004 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையல் தீ கீற்றுக் கூரைக்கு ஏறியது. பள்ளி, கல்யாண மண்டபம் ஆய்வுக்குப் போக ஆளும் நேரமும் இருக்கா என்று தனியாகக் கேள்.

டெல்டா மாணவன்: நன்றி ஐயா. படிவத்தை மாற்றி ஐப்பசியில் மறுபடி கொடுக்கலாமா?

பழைய முன்னணி: தீபாவளியும் மழையும் சேர்ந்து வருகிற மாசம்ப்பா! ஆடிப்பெருக்குக்கும் எல்லாரும் ஆற்றங்கரையில் நிற்பார்கள். ஆவணியில் கொடு.

வெண்ணாறு: பதில் வந்ததும் அழைப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். திட்டத்தில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று நிலையத்துக்கே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவையும் 4, 5 தான்.