போர் நடக்கும் நாட்டில் கலைப்பள்ளி முடித்த பிள்ளைகள்: ஓவியத்தையே தொடர வேண்டுமா?

கண்டனூரான்

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி வாசகர் வட்டத்தில் தொடங்கிய சண்டை பஸ் நிலையம் வரைக்கும் வந்தும் தீரவில்லை. ஆகவே இந்த இணையப் பக்கத்துக்கு இழுத்து வந்திருக்கிறேன்.

உக்ரைனில் கலைப்பள்ளிகள் உண்டு. கணக்கு, வரலாறு எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலவே நடக்கும். அவற்றோடு ஓவியம், சிற்பம், கட்டடக்கலை என்று ஒரு துறையில் பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே பயிற்சி கொடுப்பார்கள். கீவ் நகரில், உக்ரைனின் கவிஞரும் ஓவியருமான தாராஸ் ஷெவ்செங்கோ பெயரில் இருக்கும் அரசுக் கலைப்பள்ளி இவ்வகை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உள்ளே நுழைந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் 2025இல் பள்ளியை முடித்தார்கள். அங்கே பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். உயர்நிலை வகுப்புகள் முழுவதையும் போருக்குள்ளேயே படித்தவர்கள். இவர்கள் ஓவியக் கல்லூரி, மேடை அமைப்பு, அனிமேஷன் என்று அடுத்த படிக்கு ஆசைப்படுவது நியாயமா என்பதுதான் கேள்வி.

நியாயம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஐந்தொகை

மறுப்பவன் நான்தான் என்பது அண்ணனுக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

கலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். முப்பது வயதில் வரைந்துகொள்ளட்டும். 2022 அக்டோபரிலிருந்து அந்த நாட்டின் மின்நிலையங்களைக் குறிவைத்து அடிக்கிறார்கள். கால் இழந்தவனுக்குச் செயற்கைக் கால் பொருத்த ஆள் வேண்டும், அறுந்த மின்கம்பியை இழுத்துக் கட்ட ஆள் வேண்டும். பதினேழு வயதில் நல்ல மூளையும் கைத்திறனும் உள்ள பிள்ளை, மேடைக்குத் திரை தைக்கப் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிதா? 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் நகரத்தைப் பிடித்துவிட்டார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்களின் பேரன்கள்தான் இங்கே பாதிப் பேர். என் ஐயா (தாத்தா) பதினாறு வயதில் பர்மா வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, கப்பல் ஏறினார்; அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த நிலை) ஆகும் முன்பே கடையே இல்லாமல் போயிற்று. கட்டிய வேட்டியோடு வந்தவருக்கு இங்கே மீண்டும் சோறு போட்டது மனக்கணக்கும் பேரேடு எழுதும் கையும். சுவரில் தொங்கிய ரவிவர்மா படமா சோறு போட்டது?

பள்ளத்தூர் ஆச்சி

எங்கள் வீட்டில் ரவிவர்மா படம்தான் சோறு போட்டது.

முதலில் பர்மாக் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முப்பதுகளில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு நம்மவர்களிடம் இருந்தது. அத்தனைக்கும் வரிசையாகப் பேரேடு இருந்தது, ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) இருந்தது, பத்திரம் இருந்தது. 1948இல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள். எங்கள் மாமனார் சாகிற வரைக்கும் அந்தப் பத்திரங்களைப் பூட்டி வைத்திருந்தார். ஒரு படி அரிசி வாங்கியிருக்கலாமா அவற்றைக் கொண்டு?

கை வறண்ட ஆண்டுகளில் வீட்டை விட்டுப் போனவை எவை? தஞ்சாவூர்ப் படம் போனது, ரவிவர்மா அச்சுப் படங்கள் கண்ணாடிச் சட்டத்தோடு போயின, பெல்ஜியம் கண்ணாடி போனது, கடைசியில் செதுக்கு வேலை செய்த நிலைக்கதவும் போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், யார் யார் வீட்டுக் கதவு என்று நானே அடையாளம் சொல்வேன். எங்கள் பெரியவன் படித்தது அந்தக் கதவு விற்ற பணத்தில்.

ஐந்தொகை

ஆச்சி, சரியான அடி. ஆனால் அந்தக் கதவு விற்றவர்களுக்குத்தான் சோறு போட்டது, செதுக்கியவனுக்கு இல்லை. உங்கள் வீட்டு நிலைக்கதவைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் தெரியுமா?

பள்ளத்தூர் ஆச்சி

தெரியாது. கட்டிய செட்டியாரின் பெயரை மட்டும் முகப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கண்டனூரான்

கம்பன் கழகத்தை மறந்துவிட்டீர்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் அதைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. "போர் முடியட்டும், கம்பன் எங்கே போய்விடப் போகிறான்" என்று யாராவது சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் இன்று வரைக்கும் விழா நடக்குமா?

ஐந்தொகை

அண்ணன் எனக்காகவே வாதாடுகிறார். கம்பன் கழகத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் கம்பனை நம்பி அடுப்பு மூட்டவில்லை. பகலில் பிழைப்பு, மாலையில் கம்பன். உக்ரைன் பிள்ளைகளுக்கும் நான் அதையே சொல்கிறேன்.

சித்திர வாத்தியார்

தேவகோட்டைப் பக்கம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஐந்தொகை சொல்வது போன்ற பேச்சை ஒவ்வொரு ஆண்டும் பெற்றோர் கூட்டத்தில் கேட்டவன் என்பதால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இப்போது வேண்டாம்" என்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து கனவு காணவில்லை. கல்லூரிக்குப் போக வேண்டுமானால் தேசியத் தேர்வு எழுத வேண்டும்; உக்ரைன் மொழி, கணக்கு, உக்ரைன் வரலாறு மூன்றும் கட்டாயம், நான்காவது விருப்பப் பாடம். தேர்வின் நடுவே சைரன் ஒலித்தால் பேனாவை வைத்துவிட்டுப் பதுங்கிடத்துக்கு இறங்க வேண்டும், அடங்கியதும் மேலே வந்து விட்ட இடத்தில் தொடர வேண்டும். கலைக் கல்லூரிக்குப் போகிறவன் இதற்கு மேல் வரைந்தும் காட்ட வேண்டும். கார்கிவ் நகரில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறை அமைத்துப் பாடம் நடத்தினார்கள். அங்கே படித்த பிள்ளைக்கு நாட்டின் நிலைமையை நீங்களும் நானும் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. 2024 மார்ச் 25 அன்று கீவ் நகரத்தில் ஏவுகணைத் தாக்குதலில் ஒரு கலைக் கல்லூரி சேதமடைந்தது. மிகைலோ பொய்ச்சுக் என்ற ஓவியர் பெயரில் இருப்பது. சுவரோவியத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கிய அவரை 1937இல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. இடிந்த இடம் அந்தப் பெயரைத் தாங்கிய இடம் என்பதை அங்கே படிக்கிறவன் மறப்பானா? ஷெவ்செங்கோவின் கதை அதற்கும் தொண்ணூறு ஆண்டு முந்தியது. 1847இல் அவரைப் பிடித்து எல்லைப்புறப் படைக்குச் சிப்பாயாக அனுப்பியபோது, எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்று சார் மன்னன் முதலாம் நிக்கலாய் தன் கையால் எழுதிச் சேர்த்தான். ஓவியம் மாலை நேரப் பொழுதுபோக்கு என்றால் ஒரு பேரரசன் இத்தனை அக்கறை எடுத்துக்கொள்வானா?

ஐந்தொகை

மன்னன் பயந்தது அவர் எழுதிய கவிதைக்கு. ஓவியம் கூட மாட்டிக்கொண்டது. மேலும் நூற்றாண்டுக்கு ஒரு ஷெவ்செங்கோ வருவார். வகுப்பில் மற்றவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சித்திர வாத்தியார்

எல்லாப் பொறியாளரும் விஸ்வேஸ்வரய்யா ஆகிறார்களா? பொறியியல் கல்லூரியில் சேர்க்கும்போது மட்டும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே.

கோட்டையூர்க்காரி

பெரியவர்கள் "பிள்ளைகள்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறீர்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் அங்கே கணக்கு ஒன்றில்லை. போர் தொடங்கியதும் 18 முதல் 60 வயதுவரை ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை வந்தது. கட்டாயப் படைச்சேர்ப்பு வயதை 2024 ஏப்ரலில் 27இலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். பிறகு 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயதுவரை உள்ள ஆண்கள் வெளியே போகலாம் என்று தளர்த்தினார்கள். பள்ளி முடிக்கும் பையன் ஒருவன் வார்சாவிலோ பெர்லினிலோ ஓவியம் படிக்க ஆசைப்பட்டால் அவனுடைய ஆசைக்கே கெடு இருக்கிறது. முப்பது வயதில் வரைந்துகொள்ளட்டும் என்கிறார் ஐந்தொகை. முப்பதுக்கு முன்னால் இருபத்தைந்து வருகிறதே, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவார்?

எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியாரும் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத்தான் தொடங்கினார். இந்த வாதத்துக்கு நேரடியாகத் தொடர்பில்லை. இருந்தாலும் அவர் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்த பழைய புத்தகங்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் நூலகமாக நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஐந்தொகை

இருபத்தைந்து வருகிறது என்பதால்தானே சொல்கிறேன். மருத்துவமோ மின்பொறியியலோ தெரிந்தவனைப் படை எடுத்தாலும் அந்த வேலைக்கு எடுக்கும். ஓவியனுக்குத் துப்பாக்கியைத் தவிர எதைக் கொடுக்கும்?

வடமராட்சி மகள்

துப்பாக்கி இல்லாத வேலையும் கொடுப்பார்கள் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள், திருமணமாகிக் காரைக்குடிக்கு வந்தவள். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களுக்கு 1990இலிருந்து மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்துத்தான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம். 1995 அக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமமே இடம்பெயர்ந்து எழுந்து நடந்தது. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களில் குடும்பம் குடும்பமாகச் சனம் வந்து தங்கியது. அதற்குள்ளும் பரீட்சைத் திகதி எப்போது என்பதுதான் எங்கள் பேச்சு. அடுத்த மாதம் யார் எங்கே இருப்போம் என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில், திகதி குறித்த ஒரே விடயம் பரீட்சை. அதை எழுதி முடித்தால் நாங்கள் இந்த வயதில் இருந்தோம் என்பதற்கு ஒரு காகிதமாவது கிடைக்கும். மருத்துவம் வேண்டியவளும் சித்திரம் வேண்டியவளும் அதில் ஒன்றுதான்.

நான் சித்திரம் எடுத்தேன். விஞ்ஞானப் பிரிவு கிடைக்காதவர்கள் எடுக்கும் பாடம் என்ற பேச்சு அங்கேயும் இருந்தது, ஆகவே ஐந்தொகை ஐயாவின் குரல் எனக்குப் புதிதில்லை. ஆனால் போர் வந்ததும் எங்களைத் தேடி வந்தார்கள். பதாகை எழுத வேண்டும், செத்த பிள்ளையின் முகத்தைப் பாஸ்போர்ட் அளவுப் படத்திலிருந்து பெரிதாக வரைந்து தர வேண்டும். ஒரு தாய் வந்து, படத்தில் மகன் சிரிக்கவில்லை, நீ சிரிப்பது போல் வரைந்து கொடு என்று கேட்டார். வரைந்து கொடுத்தேன். என் வகுப்பில் என்னைவிட நன்றாக வரைந்தவள் பள்ளி முடித்த பிறகு தூரிகையைத் தொடவே இல்லை. அவளுக்கு வரைதல் என்றாலே அந்த முகங்கள்தாம்.

ஆகவே கலையைத் தள்ளிப்போடு என்று சொல்கிறவர்களிடமும், தொடர் என்று கை தட்டுகிறவர்களிடமும் எனக்கு ஒரே கேள்வி. போர் ஓவியனைச் சும்மா விடாது, தனக்கு வேண்டியதை வரையச் சொல்லும். அந்தப் பிள்ளை பூவையும் பூனையையும் வரைய ஆசைப்பட்டால் அதற்கு அனுமதி உண்டா? கண்டனூரான் அண்ணன் வட்டத்தில் அதைப் பாராட்டுவாரா, அல்லது இடிந்த கட்டடம்தான் வேண்டும் என்று எதிர்பார்ப்பாரா?

கண்டனூரான்

தங்கச்சி, நேர்மையாகச் சொன்னால் இடிந்த கட்டடம் வரைந்த படத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நிற்பேன். பூவை வரைந்தவள் அதற்காக எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு

நான் காரைக்குடியில் படிக்கிறேன். இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்களில் பள்ளி முடிக்கப் போகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சேர ஆசை. நான்கு ஆண்டுப் படிப்பு. எங்கள் அப்பச்சியும் (அப்பா) ஐந்தொகை ஐயா சொன்னதையே சொல்கிறார்: முதலில் ஒரு வேலை, அப்புறம் வரைந்துகொள். இங்கே சைரன் இல்லை, மின்நிலையத்தில் குண்டு விழவில்லை. போர் நடக்கும் ஊருக்கும் நடக்காத ஊருக்கும் பதில் ஒன்றே என்றால், நீங்கள் சொல்லும் காரணம் போர் இல்லையே ஐயா?

மட்டுறுத்துநர்

விருப்பக்குறி போட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். சொல்ல இருப்பதை எழுதுங்கள்.

ஐந்தொகை

கேள்வி நியாயமானது, பதிலை மறைக்கப் போவதில்லை. ஆம், போர் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்வேன். என் ஐயா வெறுங்கையோடு வந்து நின்ற கதையைக் கேட்டே வளர்ந்த வீட்டில் ஆசையை இரண்டாவதாக வைத்துத்தான் பழக்கம். உங்கள் அப்பச்சிக்கும் அப்படி ஏதாவது இருக்கும். அதற்காக என் கட்சியை விட்டுவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். மின்கம்பி இழுப்பவன் இல்லாமல் ஓவியக் கண்காட்சிக்கு விளக்கு எரியாது.

பள்ளத்தூர் ஆச்சி

அப்பச்சியிடம் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்துச் சொல். ஆத்தாவை முதலில் உன் பக்கம் இழுத்துக்கொள். எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் நடந்தது.

சித்திர வாத்தியார்

அம்மா, வீட்டில் இருக்கும் படங்களில் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவற்றை ஒதுக்கி வை. நேரில் பார்த்துப் பென்சிலில் வரைந்தவை வேண்டும்: சமையற்கட்டுப் பாத்திரம், சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், நடக்கும் மாடு. கை, கால் வரைவதில் தேர்வாளர் கண் முதலில் போகும். விரல்களை மறைத்து வரையாதே.

பன்னிரண்டாம் வகுப்பு

நன்றி ஐயா. விரல்தான் எனக்கு வரவே வராது.

ஐந்தொகை

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளைப் பார்த்துக்கொள் அம்மா, இறுதி நேரத்தில் இணையதளம் திறக்காது. கூடவே பி.ஆர்க். (கட்டடக்கலைப் படிப்பு) விண்ணப்பமும் ஒன்று போட்டு வை. அதற்கும் வரையத்தான் வேண்டும்.