மழையில் முன்கண்ணாடி தெரியவில்லை, வைப்பர் பிளேடு மாற்றும் நேரம் எப்படித் தெரியும்?

பூச்சோங் புதுவரவு:
வணக்கம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊர் திரும்பிய ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். நேற்று எல்டிபி நெடுஞ்சாலையில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓடுகிறது, ஆனால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டில் மனைவியும் குழந்தையும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினால் மோட்டார் முதல் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். நாளை மறுநாள் ஈப்போ போயே ஆக வேண்டும். பிளேடு போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல்காரர்:
தம்பி, வந்தவுடனே எதற்குக் கார்? நான் வந்த புதிதில் பஸ்ஸும் எல்ஆர்டி ரயிலும்தான். ஷிப்ட் முடிந்து மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடப்பேன், யாரிடமும் உதவி கேட்கத் தெரியாது. அந்தக் காலம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஈப்போவுக்கு கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறுங்கள். இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

பட்டர்வொர்த் வாசி:
அவர் கேட்டது வைப்பர் பற்றி. 6 மாதத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் தினமும் பினாங்குப் பாலத்தில் போகிறேன். பதிமூன்றரை கிலோமீட்டர். நடுக்கடலில் மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது?

ஷா ஆலம் இன்ஜினியர்:
நாள்காட்டி பார்த்து மாற்றுவது வீண் செலவு. ரப்பரைக் கெடுப்பது வெயில். என் கார் வீட்டிலும் ஆபீசிலும் பேஸ்மென்ட்டில் நிற்கிறது, பிளேடு ஒரு வருடம் தாண்டியும் சுத்தமாகத் துடைக்கிறது. திறந்த வெளியில் நிற்கும் கார் என்றால் அரை வருடத்திலேயே ரப்பர் விறைத்துவிடும். வெயிலில் நிறுத்தினால் வைப்பரைத் தூக்கி வைத்துவிட்டுப் போங்கள், சூடான கண்ணாடியில் ஒட்டாது.

பட்டர்வொர்த் வாசி:
தூக்கி வைக்காதீர்கள்! வைப்பரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளர்ந்துவிடலாம், அப்புறம் பிளேடு கண்ணாடியில் அழுந்தாது. யாராவது தெரியாமல் இடித்தால் பிளேடைப் பிடித்திருக்கும் ஆர்ம் படாரென்று விழுந்து கண்ணாடியே விரிசல் விடும். பார்த்திருக்கிறேன்.

செராஸ் அப்பா:
வைப்பரை விடுங்கள், மழை வந்தாலே இங்கே எல்லாரும் இரண்டு பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதுதான் ஆபத்து. ஹசார்ட் போட்டவர் எந்த லேனுக்கு மாறப்போகிறார் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? பாலத்தடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஒதுங்கி நிற்பார்கள், பாவம், அவர்களும் நனையாமல் எங்கே போவார்கள். நாம்தான் பார்த்து ஓட்ட வேண்டும்.

செந்தூல்காரர்:
உண்மை. புதிதாக வருபவர்களிடம் இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. வீடு பிடிக்கப் போனால் இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத வாடகை, தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம் என்று முதலிலேயே மூன்றரை மாதக் காசு போய்விடும். சம்பளம் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

செராஸ் அப்பா:
டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது அதைவிடப் பாடு. எனக்குச் சுவரில் ஆணி அடித்ததைச் சொல்லிப் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

கிள்ளான் அக்கா:
அவர் குழந்தையோடு ஈப்போ போக வேண்டும், நாம் டெபாசிட் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி, இதற்குப் பதில் சொல்லுங்கள். என்ன கார்? திறந்த வெளியில் நிற்கிறதா? பகலா, இரவா? தெரியவில்லை என்றால் எப்படி: கோடுகோடாகத் தண்ணீர் நின்றதா, வெள்ளையாகப் புகை போல் மூடியதா? வைப்பர் துடைத்ததும் தெளிந்து உடனே மறுபடி மூடியதா? ஏசி எவ்வளவு குளிராக இருந்தது?

பூச்சோங் புதுவரவு:
பழைய மைவி அக்கா. ரோட்டோரம் வெயிலில்தான் நிற்கும். இரவு 8 மணி இருக்கும். குழந்தைக்குப் புழுக்கமாக இருக்குமென்று ஏசியை முழுக் குளிரில் வைத்திருந்தேன். வைப்பர் போன இடம் தெளிந்து, அடுத்த நொடி வெள்ளையாக மூடியது. எதிரே வரும் லைட் எல்லாம் பரவித் தெரிந்தது. எனக்கு நேரே ஒரு மெல்லிய கோடும் இருந்தது.

கிள்ளான் அக்கா:
சரி, இப்போது புரிகிறது. உங்களிடம் மூன்று பிரச்சினை ஒன்றாக இருக்கிறது, பிளேடு அதில் ஒன்றுதான்.

வெள்ளையாக மூடியது பெரும்பாலும் ஏசியால். கண்ணாடி உள்ளிருந்து குளிர்ந்துவிட்டால், வெளியே இருக்கும் ஈரமான வெக்கைக் காற்று அதன்மேல் பனிபோல் படியும். வைப்பர் துடைக்கும், அது திரும்பப் படியும். எந்தப் புதுப் பிளேடும் அதை நிறுத்தாது. ஏசிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் விடாமல் முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள், குளிரையும் கொஞ்சம் குறையுங்கள். காரை நிறுத்தியிருக்கும்போது உள்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் மூட்டம் உள்ளே. அப்படியானால் நேர்மாறு: ஏசி ஓடட்டும், காற்றைக் கண்ணாடிக்கு விடுங்கள், வெளிக்காற்று உள்ளே வரும் பொத்தானைப் போடுங்கள்.

லைட் பரவித் தெரிவது எண்ணெய்ப் படலம். லாரி தெறிக்கும் தண்ணீர், புகை, கார் கழுவும் கடையில் பூசும் வாக்ஸ் எல்லாம் கண்ணாடியில் சேரும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, ஈரத்துணி, நன்றாகத் தேய்த்துக் கழுவி, திரும்ப ஒரு முறை. தண்ணீர் ஊற்றினால் திட்டுத்திட்டாகப் பிரியாமல் ஒரே சீராக வழிய வேண்டும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் தொட்டியில் மட்டும் சோப்பை ஊற்றாதீர்கள், நுரையும் படலமும்தான் மிஞ்சும். பழைய ஓனர் முன்கண்ணாடிக்குக் கறுப்பு டின்ட் ஒட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இங்கே முன்கண்ணாடி குறைந்தது 70 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும் என்பது விதி. அதைவிட இருட்டென்றால் இரவு மழையில் எதுவுமே தெரியாது.

இப்போது பிளேடு. ரப்பரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். கிழிசல், சொரசொரப்பு, விறைப்பு இருந்தால் போய்விட்டது. அப்புறம் வாஷர் அடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மெல்லிய கோடு நின்றால் ரப்பர் விளிம்பு அங்கே கிழிந்திருக்கிறது. அகலமாக ஒரு பட்டை துடைபடாமல் நின்றால் பிளேடு அழுந்தவில்லை. கடகடவென்று துள்ளினால் ரப்பர் காய்ந்திருக்கும், இல்லையென்றால் ஆர்ம் முறுக்கியிருக்கும். வைப்பர் எல்லா வேகத்திலும் ஓடிக் கீழே வந்து சரியாகப் படுத்தால் மோட்டாருக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள்.

பூச்சோங் புதுவரவு:
கழுவிப் பார்த்தேன் அக்கா, பரவல் போய்விட்டது. மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, ரப்பரும் அங்கே கிழிந்திருக்கிறது. ஓட்டுநர் பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

ஷா ஆலம் இன்ஜினியர்:
இரண்டையும் மாற்றுங்கள், இரண்டும் ஒரே வெயிலில்தான் நின்றிருக்கும். வலமும் இடமும் ஒரே நீளமாக இருக்காது, கழற்றிய பிளேடைக் கையோடு கொண்டுபோய் அக்செசரி கடையிலோ மிஸ்டர் டிஐஒய்யிலோ ஒப்பிட்டு வாங்குங்கள்.

பட்டர்வொர்த் வாசி:
கழற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துண்டு விரித்துக்கொள்ளுங்கள், பிளேடு இல்லாத ஆர்ம் வெறும் இரும்பு. புதியது மாட்டும்போது கிளிக் சத்தம் கேட்க வேண்டும். இன்சூரன்ஸில் முன்கண்ணாடிக்கான விண்ட்ஸ்கிரீன் கவர் தனியாக எடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இங்கே அதைச் சேர்த்து எடுத்தால்தான் உண்டு, அதில் கிளெய்ம் செய்தாலும் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாதவர்களுக்குத் தரும் தள்ளுபடி, குறையாது.

கிள்ளான் அக்கா:
ஈப்போ போகும்போது வாஷர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். மதியம் தாண்டினால் மழை பிடிக்கும், காலையிலேயே புறப்படுங்கள். அப்படியும் கொட்டினால் உலு பெர்ணம், தாப்பா ஆர் அண்ட் ஆர் என்ற நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிறுத்திக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, விட்டதும் போங்கள்.