கேரவன் ஃப்ரிட்ஜ் பகலில் குளிரவில்லை, உதவி தேவை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், போர்க்கிலிருந்து டார்லிங் ஆற்றை ஒட்டிய மண்சாலையில் லௌத், டில்பா வழியாக வில்கேனியா வந்திருக்கிறோம். மூன்று நாட்களாகக் கேரவன் ஃப்ரிட்ஜ் பகலில் குளிர்வதே இல்லை. அம்மாவின் இன்சுலின் அதில்தான் இருந்தது. இப்போது துண்டில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாதபடி ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

அது 2014ஆம் ஆண்டு வாங்கிய 90 லிட்டர் ஃப்ரிட்ஜ். எரிவாயு, 12 வோல்ட், 240 வோல்ட் மூன்றிலும் இயங்கும் அம்மோனியா வகை; அதாவது கம்ப்ரஸர் இல்லாமல், சுடர் அல்லது மின்சூட்டின் வெப்பத்தால் குழாய்களில் அம்மோனியாவைச் சுழலவிட்டுக் குளிர்விப்பது. வெளியே 43 டிகிரி அடிக்கும் பிற்பகலில் உள்ளே 16 டிகிரி காட்டுகிறது. விடியற்காலையில் 5 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 240 வோல்ட்டிலும் இதே நிலைதான்.

ரசமட்டம் வைத்து வண்டியைச் சமன்படுத்தினோம். பர்னரில் மாவு போலப் படிந்திருந்த செந்தூசியை ஊதி எடுத்தோம். சுடர் நீலமாகவே எரிகிறது. பின்புறக் காற்றுத் திறப்பில் சிறு விசிறி பொருத்தியும் இரண்டு டிகிரிதான் குறைந்தது. ஆற்றோர ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் திடீரெனப் பெருங்கிளைகளை முறித்துப் போடும் என்பதால், எவ்வளவு வெயிலானாலும் அவற்றின் நிழலில் வண்டியை நிறுத்தத் துணியவில்லை.

குளிர்விக்கும் குழாய்த்தொகுதி பழுதாகிவிட்டதா, அல்லது இது வெறும் வெப்பத்தின் விளைவா என்பதை வழியிலேயே சோதித்தறிவது எப்படி?